எங்களுக்கு முன்னே போன முக்கோணம்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் தொடங்குகிறேன். சிரித்துக்கொண்டே கேளுங்கள், பாதகமில்லை. என்னிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். பேய், ஆவி, காத்து கருப்பு என்று எவராவது ஆரம்பித்தால் எழுந்து கை கழுவப் போய்விடுகிற ஆள் நான். நான் குடியிருக்கிற டத்தோ கிராமாட் வட்டாரத்தில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே ஒரு மரம் உண்டு. அதில் ஏதோ குடியிருக்கிறது என்று சீனர்கள் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள், நம்மவர்கள் எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள், நான் அதன் அடியில்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறேன். அங்கே நல்ல நிழல், போட்டிக்கும் ஆள் கிடையாது. எனக்கும் அமானுஷ்யத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

என் தொழில் படகுகளுக்கு மின்கருவிகள் பொருத்துவது. ஆழம் காட்டும் கருவி, ரேடியோ, கடல் வரைபடம் காட்டும் திரை, இப்போது கொஞ்ச காலமாக ஏ.ஐ.எஸ். என்கிற டிரான்ஸ்பாண்டர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது ஒரு சின்னப் பெட்டி. என் பெயர் இது, என் எண் இது, நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன் என்று சற்றைக்கொரு தரம் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். மற்றக் கப்பல்கள் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருக்கும். அது கேட்டதையெல்லாம் வரைபடத் திரைக்கு அனுப்பினால் ஒவ்வொரு கப்பலும் திரையில் ஒரு சிறு முக்கோணமாகத் தெரியும். கரையில் இருக்கிறவர்களும் ஹேண்ட்போனில் அதே முக்கோணங்களைப் பார்க்கலாம். பெட்டியின் வாயைத் திரையின் காதில் வைப்பதுதான் என் வேலை. இதன் பேசும் கம்பி அதன் கேட்கும் கம்பிக்குப் போக வேண்டும், இரண்டும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். வாயோடு வாயைக் கட்டிவிட்டால் இரண்டும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும், எதுவும் எதையும் கேட்காது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அதனால் அந்தக் கோளாறு எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

என் மனைவி பிரிந்து ஜொகூருக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. சண்டை எதுவும் இல்லை, ஒரு நாள் இரண்டு பேருக்குமே பேச்சு தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் இல்லை. புதிதாக வரும் பெட்டிகளை நான் வீட்டில் சாப்பாட்டு மேசை மேலேயே பேட்டரியில் போட்டுச் சோதிப்பேன். பேச விடமாட்டேன், கேட்க மட்டும் விடுவேன். ஜன்னல் கம்பியில் ஆண்டெனாவைச் செருகிவிட்டு, கடையில் தாப்பாவ் கட்டி வாங்கி வந்த மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தால், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கிற கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பெயரைச் சொல்லும். எனக்கென்று சொல்லவில்லை என்பது தெரியும். ஆனாலும் சாப்பிடுகிற நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக்கொண்டு எதிரே வந்து உட்கார்வது போல ஒரு துணை, அதை எப்படிச் சொல்வது, நீங்கள் தனியாகச் சாப்பிட்டுப் பழகியவரானால் விளங்கும்.

ஹனிபா பாய் என்னைத் தேடி வந்தது புகைமூட்டக் காலத்தில். வருஷா வருஷம் வருகிற அதே ஜெரெபுதான், எங்கோ காடு எரிய இங்கே நமக்குக் கண் எரியும், சூரியன் பழைய செப்புக்காசு மாதிரி கம்மிப்போய்த் தொங்கும். பாய் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிற கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார். அவரிடம் இருந்தது மெலாத்தி என்ற நீலநிற ஃபைபர் படகு ஒன்று, மேலே கான்வாஸ் கூரை, பின்னால் இருமுகிற ஒரு இன்ஜின். ஜெரஜாக் தீவுக்கு எதிரே உள்ள மீனவர் ஜெட்டியில் அதைக் கட்டி வைத்திருப்பார், தனியாகப் போய்த் தூண்டில் போடுவார். அதற்கு முந்தின வருஷம் அப்படிப் போனவர் மயங்கி விழுந்து, படகு பாட்டுக்கு மிதந்து போய், வேறு யாரோ பார்த்து இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து மகள் ஜைனப் படகை விற்கச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். அவள் கெப்பாலா பத்தாஸில் கணவன் பிள்ளைகளோடு இருப்பவள், அரசாங்க ஆபீஸில் வேலை.

"இந்தப் பொட்டிய மாட்டுனா நான் எங்க இருக்கேன்னு அவ ஹேண்ட்போன்ல தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.

"தெரியும் பாய்."

"நான் என்னா செய்றேன்னு தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாது."

"அப்ப மாட்டிரு."

மாட்டினேன். கூரைக் கம்பியில் ஆண்டெனா, இருக்கைக்குக் கீழே பெட்டி, படகு ஓட்டுகிற சக்கரத்துக்கு மேலே திரை. கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டியது மட்டும் பாக்கி. அதற்கு ஒரு சனிக்கிழமை பகலைக் குறித்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனால், அங்கே ஜைனப்பும் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஹேண்ட்போன், மூக்கை மூடிய மாஸ்க், மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள், பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரி.

"அண்ணே, நான் நேராவே சொல்லிடுறேன். சாயந்தரம் வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன். புள்ளி சரியா காட்டுச்சுன்னா அத்தா படக வச்சிக்கட்டும். காட்டலன்னா நாளைக்கு தாசேக் கெலுகோர்லேருந்து ஒரு ஆளு வர்றாரு, குடுத்துடுறோம்."

"தாசேக் கெலுகோர்ல கடல் எங்கம்மா இருக்கு?" என்றார் பாய். "ரப்பர் மரத்துல கட்டி வைக்கப் போறானா?"

"நீங்க பேசாதீங்க அத்தா. செத்துப்போய் மிதந்தா கூட யாருக்கும் தெரியாதுன்னு தெரிஞ்சுமே போறவரு நீங்க."

பாய் படகில் இறங்கி இன்ஜினைக் கிளப்பினார். ஜெட்டியை விட்டு விலகி இன்ஜின் சத்தம் எங்களை மூடிக்கொண்ட பிறகுதான் வாய் திறந்தார். "நல்ல புள்ளதான் தம்பி. கூட்டிட்டுப் போய் ராஜா மாதிரி வச்சிருப்பா. ஆனா அங்க ஜன்னல தொறந்தாலும் வயலு, கதவ தொறந்தாலும் வயலு. தண்ணி நிக்கும், எங்கயும் போவாது. நான் அத பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும்." அப்புறம் சிரித்தார். "நீ ஒழுங்கா மாட்டியிருக்கல்ல?"

ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தேன். ஆனால் ஒரு விஷயத்தை வேண்டுமென்றே பாக்கி வைத்திருந்தேன், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. பெட்டி தன் படகைப் பற்றிச் சொல்வதும் திரைக்கு வந்து சேரும். இது நம்முடைய எண், இதைக் காட்டாதே என்று திரைக்குச் சொல்லி வைக்காவிட்டால், அது நம்மையே இன்னொரு படகு என்று எடுத்துக்கொண்டு நம் மேலேயே ஒரு முக்கோணத்தை வரையும், அடுத்து யாரோ மோத வருகிறார்கள் என்று அலாரம் அடிக்கும். புதிதாகப் பொருத்துகிறவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். எனக்கு அதுவே சோதனை. பெட்டிக்கு ஒரு ஜி.பி.எஸ்., திரைக்குத் தனியாக ஒரு ஜி.பி.எஸ்.; இரண்டும் ஒத்துப்போனால் நம் முக்கோணம் நம் மேலேயே அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்ச தூரம் ஓட்டி அதைப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் எண்ணைப் போட்டு மறைப்பேன். எத்தனையோ படகுகளில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

ஜெரஜாக்கைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனோம். முக்கோணம் ஒட்டிக்கொண்டு வந்தது. அலாரம் கத்த, பாய் திடுக்கிட, நான் சொன்னேன், "அது நம்மதான் பாய். நம்ம குரலையே கேட்டுட்டு வேற ஆளுன்னு நினைச்சுக்குது." அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "வீட்ல நானும் அப்படித்தான், ரேடியோவ போட்டுட்டு யாரோ வந்திருக்காங்கன்னு எழுந்து போவேன்" என்றார். அலாரத்தை அணைத்தேன். கடலைக் கடந்து போகிற இரண்டாவது பாலத்தின் தூண்களுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு, தூண்டிலை விட்டு உட்கார்ந்தோம். பாலம் எங்கள் தலைக்கு மேலேயே புகைக்குள் போய்க் காணாமல் போயிருந்தது. மேலே லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த மாதிரி நாளில் கடல் ஒரு அறை மாதிரி ஆகிவிடும். சுவர் எவ்வளவு தூரத்தில் என்று தெரியாத ஒரு அறை.

நான்தான் முதலில் பார்த்தேன். முக்கோணம் எங்கள் மேலிருந்து நழுவியிருந்தது. ஒரு விரல்கடை. சரி, ஜி.பி.எஸ். தடுமாறுகிறது, பாலத்தின் கான்கிரீட் சிக்னலைத் திருப்பி அடிக்கிறது, நடக்கும். ஆனால் தடுமாறுகிற ஜி.பி.எஸ். குதிக்கும், தாவும், தரையில் ஏறும், திரும்பி வரும். இது குதிக்கவில்லை. படகு கிளம்புகிற மாதிரி கிளம்பியது. மெதுவாக முகத்தைத் திருப்பி, வேகம் எடுத்து, கப்பல்கள் போகிற ஆழமான வழியைப் பார்த்துப் போய், அதன் நடுவில் நின்றது. விரலை அதன் மேல் வைத்தேன். மெலாத்தி என்று பெயர் வந்தது. எங்கள் எண். நாங்கள் நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ஜைனப் கூப்பிட்டாள். பாய் சத்தத்தைப் பெரிதாக வைப்பவர், அதனால் எனக்கும் கேட்டது.

"அத்தா, எங்க இருக்கீங்க?"

"பாலத்துக்கிட்டம்மா."

"பாலத்துக்கிட்டயா? இங்க கப்பல் போற வழியில நடுவுல காட்டுது."

பாய் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும், சொல்லத் தெரியவில்லை, வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்த பையன் முகம் எழுபதைத் தாண்டிய ஆளுக்கு. "ஆமா ஆமா," என்றார் போனில், "அங்கதான். அங்க மீன் கடிக்குதுன்னு வந்தோம்."

"கப்பல் வர்ற எடத்துலயா?"

"உடனே கெளம்பிருவோம்மா." போனை வைத்துவிட்டு, அது மறுபடி மணி அடிப்பதற்குள் எடுத்து மீன் போடுகிற ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"ஏன் பாய் பொய் சொல்றீங்க? கருவியிலதான் ஏதோ கோளாறு. ஒரு தடவ அணைச்சுப் போட்டா சரியாயிரும்."

"அணைச்சா புள்ளி போயிரும்ல?"

"கொஞ்ச நேரத்துக்குப் போகும்."

"அவ பாத்துக்கிட்டு இருக்கா தம்பி. புள்ளி போச்சுன்னா படகு போச்சு. அணைக்கக் கூடாது." கொஞ்சம் யோசித்தார். "புள்ளி அங்க இருக்கு, நாம இங்க இருக்கோம். அத இங்க இழுக்க முடியாது, சரி. நாம அங்க போயிரலாம்ல? போய் அது மேல உக்காந்துட்டோம்னா நான் சொன்னது பொய்யே இல்ல."

இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு பழுது பார்க்கும் முறையை நான் கேட்டதில்லை. கருவியைத் திருத்துவதற்குப் பதிலாக உலகத்தை நகர்த்தி அதற்குக் கீழே வைப்பது. மறுக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. நங்கூரத்தை இழுத்தேன்.

நம்பினால் நம்புங்கள். நாங்கள் நெருங்குகிற வரை அது அங்கேயே நின்றது. எந்தக் கப்பல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாமல் புகைக்குள் காதைத் தீட்டிக்கொண்டு போனோம். இன்னும் கொஞ்சம்தான், திரையில் எங்கள் படமும் அதுவும் தொடப் போகிற நேரத்தில், அது கிளம்பியது. வடக்கே. வீட்டைப் பார்த்து. எங்கள் வேகத்தைவிட ஒரு நூல் அதிகமான வேகத்தில்.

"பிடி தம்பி, விடாத" என்றார் பாய், ஏதோ பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி. சக்கரம் அவர் கையில்தான் இருந்தது.

துரத்தினோம். சிரிப்பாகத்தான் இருந்தது முதலில். தன் படகையே துரத்திக்கொண்டு போகிற இரண்டு நரைத்த ஆட்கள். பிறகு சிரிப்பு எங்கோ நின்றுவிட்டது. அது ஜெரஜாக்கின் வெளிப்பக்கமாகப் போயிற்று, சேற்றுத் திட்டு இருக்கிற முனையைச் சுற்றி வளைந்து, ஆழம் எங்கே இருக்கிறதோ அங்கேயே போயிற்று. தடுமாறுகிற ஒரு எண்ணுக்கு ஆழம் தெரியுமா, நீங்களே சொல்லுங்கள். பாய் மெதுவாகச் சொன்னார், "நான் போற வழி தம்பி அது. அந்த மொனையில அப்படித்தான் நான் திருப்புவேன்."

அப்புறம் சத்தம். முன்னால், புகைக்குள், ஒரு இன்ஜின் இருமியது. எங்கள் இன்ஜின் எப்படி இருமுமோ அப்படி, மூன்றாவது இருமலில் இழுத்துக்கொண்டு. தீவின் மலையில் பட்டுத் திரும்பி வருகிற எதிரொலியாக இருக்கும் என்று இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். முன்னால் கேட்ட சத்தமும் நின்றது. ஆனால் உடனே நிற்கவில்லை. யாரோ நம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்துவதற்கு ஆகுமே, அவ்வளவு நேரம். எங்களுக்கு முன்னே தண்ணீரில் புதிதாகக் கிழித்த தடம் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டிருந்தது. காற்றே இல்லாத மதியம். அந்த அலை வந்து எங்கள் படகை லேசாகத் தட்டியது. நான் வாளியில் கையை விட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன். பாய் ஏதோ ஓதத் தொடங்கியிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. எனக்கு ஓதுவதற்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. மேசையில் உட்கார்ந்து கேட்ட கப்பல் பெயர்கள்தான் வந்தன.

பாய் மறுபடி இன்ஜினைக் கிளப்பி வருவதற்குள் திரையில் அது எங்கள் ஜெட்டிக்குள் போய் நின்றது. ஜைனப் உட்கார்ந்திருக்கிற இடம். நாங்கள் இன்னும் தீவின் வால் பக்கத்திலேயே இருந்தோம். அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, ஆளை இறக்கிவிடுகிற நேரம் போல. பிறகு பின்னால் நகர்ந்து, திரும்பி, நாங்கள் வருகிற கோட்டிலேயே எங்களைப் பார்த்து வந்தது. நான் அணைத்து வைத்திருந்த அலாரம் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. சத்தமே இல்லாமல் அந்த முக்கோணம் கூர்முனையை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு வருவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பாய் சக்கரத்தைத் திருப்பவில்லை, எந்தப் பக்கம் திருப்புவது. புகையில் எதுவும் தெரியவில்லை. வந்தது. எங்கள் மேல் ஏறியது. அந்தக் கணத்தில் படகு ஒரு பக்கமாகத் தாழ்ந்தது, வெளியிலிருந்து ஒரு ஆள் கால் வைத்து ஏறினால் எவ்வளவு தாழுமோ அவ்வளவு. பிறகு சமமாகிவிட்டது. முக்கோணம் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது, கிளம்பியபோது இருந்தது போலவே, பிசகில்லாமல்.

பாய் ஜெட்டியைப் பார்த்து மெதுவாக ஓட்டினார். ஜெட்டி புகைக்குள்ளிருந்து வெளியே வந்தபோது நான் கூரைக்குக் கீழே குனிந்து, பெட்டியின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. தண்ணீர் வற்றியிருந்த நேரம், ஜெட்டி எங்களுக்கு மேலே உயரமாக நின்றது. ஜைனப் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். மாஸ்க் இல்லை. அழுதிருக்கிறாள் என்பது கீழே இருந்தே தெரிந்தது.

"அத்தா, அண்ணே எங்க?" என்றாள். "சொல்லுங்க அத்தா, அண்ணே எங்க?"

நான் நிமிர்ந்து, "இங்கதான்மா இருக்கேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் பார்த்ததில்லை. நான் படியேறி வந்ததும், சலாம் சொல்லவும் கை கொடுக்காத பெண், என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி பார்க்கிற மாதிரி. ஒரு மனிதக் கை என் மேல் பட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, அந்தக் கலவரத்திலும் அது உறைத்ததுதான் வெட்கம்.

சிறிது நேரம் முன்பு புள்ளி ஜெட்டிக்கு வந்தது என்று அவள் எழுந்து பார்த்திருக்கிறாள். புகைக்குள்ளிருந்து மெலாத்தி வந்திருக்கிறது. அவளுடைய அத்தா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். படகில் வேறு யாரும் இல்லை. அண்ணே எங்கே என்று இவள் மேலிருந்து கேட்டிருக்கிறாள், தொடர்ந்து கேட்டிருக்கிறாள்.

"என்னை நிமிர்ந்து பாத்தீங்க அத்தா. ஒண்ணுமே சொல்லல. பின்னால எடுத்து அப்படியே திரும்பிப் போயிட்டீங்க. போன் அடிச்சா எடுக்கல. அண்ணே தண்ணியில விழுந்துட்டாருன்னு நெனச்சேன். போலீசுக்குக் கூப்பிடலாம்னு இருந்தேன்."

"வேற யாரு படகாச்சும் இருக்கும்மா. இந்தப் புகையில..." என்றேன் நான்.

"எங்க அத்தாவ எனக்குத் தெரியாதா?"

பாய் ஐஸ் பெட்டியைத் திறந்து ஹேண்ட்போனை எடுத்தார். ஐஸ் தண்ணீர் சொட்டியது. அவள் அழைத்த அழைப்புகள் வரிசையாக இருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு சின்னக் குரலில், "நாளைக்கு அந்த தாசேக் கெலுகோர் ஆள வரச் சொல்லும்மா" என்றார். "எனக்கு வேணாம் இந்தப் படகு."

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. அவள் வேண்டாம் என்றாள். "படக வித்துட்டு நீங்க வேற எவன் படகுலயாச்சும் திருட்டுத்தனமா போவீங்க, எனக்குத் தெரியும். புள்ளிய நான் இனிமே நம்ப மாட்டேன். எனக்குப் புள்ளி வேணாம், ஆளு வேணும். அண்ணே கூட வந்தா போங்க. தனியா ஒரு அடி போகக் கூடாது." என் பக்கம் திரும்பினாள். "வருவீங்களா அண்ணே? உங்களுக்கு வீட்ல தேடுவாங்களோ?"

"தேடமாட்டாங்க" என்றேன்.

அப்படித்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் மெலாத்தியில் போகத் தொடங்கினேன். எண்ணைப் போட்டு அந்த இரண்டாவது முக்கோணத்தைத் திரையிலிருந்து மறைத்துவிட்டேன். பெட்டியைக் கழற்றி வீட்டு மேசையில் வைத்து ஒரு வாரம் சோதித்தேன், குறை எதுவும் இல்லை, திரும்ப மாட்டினேன். அது பிறகு ஒருநாளும் தப்பு செய்யவில்லை. மீன் கிடைக்கும், கிடைக்காது. பாய் பேசுவார், நான் கேட்பேன். நான் பேசினால் அவர் கேட்பார். இரண்டும் ஒரே வேகத்தில் நடந்தது. சனிக்கிழமை என்று ஒரு நாள் வாரத்தில் இருப்பதே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். நாங்கள் பாலத்தைத் தாண்டியதும் ஜைனப் கூப்பிடுவாள். அத்தாவிடம் இரண்டு வார்த்தை, பிறகு, "அண்ணேகிட்ட குடுங்க." நான் பேசி, என் குரலைக் கேட்ட பிறகுதான் வைப்பாள். இந்த ஊரில் நான் இருக்கிறேனா என்று கேட்டு வருகிற ஒரே அழைப்பு அது.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன். புகைமூட்டம், பயந்த பெண், புதுக் கருவி, ஏதாவது ஒன்றைச் சொல்லி மூடியிருப்பேன்.

போன நோன்புக்கு முந்தின சனிக்கிழமை. எப்போதும் நான் கறுப்பு ரப்பர் ஷூவில்தான் படகுக்குப் போவேன், அந்தப் புகைமூட்ட நாளிலும் அதுதான். அது வாய் பிளந்துவிட்டதால், ஜெட்டிக்குப் போகிற வழியில் சந்தைக் கடையில் கண்ணில் பட்ட பழுப்புச் செருப்பு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டேன். குறுக்கே இரண்டு பட்டை, ஓரத்தில் மஞ்சள் தையல். ஜைனப் அன்று அத்தாவைப் பார்க்க வந்திருந்தாள். பாய் இரை வாங்கப் போயிருந்தார். நான் நடந்து வருவதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவள், பார்வை என் காலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"இந்தச் செருப்பு எப்ப வாங்கினீங்க அண்ணே?"

"இப்பதாம்மா. ஏன்?"

 அத்தா வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அன்னிக்கு நான் ஒண்ணு சொல்லல. அத்தா தனியா வந்தாரில்ல, அந்தப் படகுல, நீங்க உக்கார்ற எடத்துக்குக் கீழ ஒரு ஜோடி செருப்பு இருந்துச்சு. கழட்டி ஒழுங்கா சேத்து வச்ச மாதிரி. பட்ட ரெண்டு, மஞ்சள் தையல். அதப் பாத்துத்தான் நீங்க விழுந்துட்டீங்கன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க ஷூவோட ஏறி வந்தீங்க, சரி, நம்ம கண்ணுதான் கோளாறுன்னு விட்டுட்டேன்."

செருப்பை அங்கேயே கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வெறுங்காலோடு படகில் ஏறினேன்.

போகாமல் இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். நான் போகாவிட்டால் பாய் ஒருநாள் தனியாகப் போவார், அவர் கையைக் கட்டிப்போட முடியாது. அப்போது அவள் பார்த்தது அப்படியே நடந்துவிடும், ஒரு ஆள், ஒரு படகு. நான் போனால் அவர் தனியாக இல்லை. ஆனால் அந்தப் படகில் அவர் தனியாக இருந்ததற்குக் காரணம் நான் வராததா, வந்து பிறகு இல்லாமல் போனதா, அதை அந்த முக்கோணம் சொல்லவில்லை. இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதில்லை. சனிக்கிழமை இல்லாத ஒரு வாரத்தை மறுபடி வாழ்ந்து பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை.

அதனால் போகிறேன். பாலத்தைத் தாண்டியதும் போன் வரும், பாய் என்னிடம் நீட்டுவார். "அண்ணே, இருக்கீங்களா?" என்று கேட்பாள். இருக்கிறேன் என்று சொல்வதற்கு முன்னால் ஒருமுறை குனிந்து என் காலில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.